சென்னைக் கடற்கரையிலிருந்து தாஷ்கண்ட் வரை: எம்.பி.டி. ஆச்சாரியாவின் பயணக் காரணங்கள் (1908–1921)

ஆய்வுச் சுருக்கம்

1920 அக்டோபர் 17 அன்று மத்திய ஆசிய நகரமான தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி என்னும் பெயரில் ஓர் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைவர் சென்னையில் பிறந்த மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார் என்ற எம்.பி.டி. ஆச்சாரியா. அவர் தாஷ்கண்டுக்குச் சென்றதைக் கொள்கை நாட்டத்தின் விளைவாக மட்டும் காண்பது கட்சி வரலாறுகளின் வழக்கம். அவர் சென்ற வழியைப் படிப்படியாக ஆராயும்போது, அது தாயகம் திரும்புவதற்கான வழிதேடலாகவும் இருந்தது என்பது புலப்படுகிறது. அதே காலத்தில் அந்நகருக்கு வந்த பிற இந்தியர்களின் காரணங்களோடும், பயணம் செய்யாமலே அதே கொள்கையை வந்தடைந்த ம. சிங்காரவேலரின் நிலையோடும் ஒப்பிட்டு, ஆச்சாரியாவின் பயணக் காரணங்களை வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எம்.பி.டி. ஆச்சாரியா, தாஷ்கண்ட், இந்தியா வார இதழ், முஹாஜிர்கள், சிங்காரவேலர், கட்சித் தொடக்க ஆண்டு விவாதம்

முன்னுரை

தாஷ்கண்ட் என்னும் பெயர் தமிழ் வாசகர்க்குப் பெரும்பாலும் 1966-ஆம் ஆண்டையே நினைவூட்டுகிறது. அவ்வாண்டு ஜனவரி 10 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கு உடன்படிக்கை செய்துகொண்டன. மறுநாள் அதிகாலையில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அந்நகரிலேயே காலமானார். அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் காங்கிரஸ் தலைவர் காமராசர் முன்னின்றார். தமிழக அரசியல் நினைவில் தாஷ்கண்ட் இவ்வாறே பதிந்துள்ளது.

அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையைச் சேர்ந்த ஒருவர் அந்நகரில் இந்திய அரசியல் அமைப்பொன்றின் தலைவராக இருந்தார் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. ஆச்சாரியாவைப் பற்றிய தகவல்கள் இரு வேறு துறைகளில் பிரிந்து கிடப்பதே இதற்கு முதற்காரணம். பாரதியியல் ஆய்வாளர்கள் அவரை ‘இந்தியா’ இதழோடு தொடர்புடைய இளைஞராக அறிவர். 1908-க்குப் பின் அவர் அவ்வாய்வுகளிலிருந்து மறைந்துவிடுகிறார். பொதுவுடைமை இயக்க வரலாற்றாசிரியர்கள் அவரை எம்.என். ராயோடு முரண்பட்டு விலகியவராக அறிவர். 1920-க்கு முன்பும் 1921-க்குப் பின்பும் அவர்களுக்கு அவர் தேவைப்படுவதில்லை. ஒரே மனிதரின் வாழ்வு இரு துண்டுகளாக வாசிக்கப்படுகிறது. அவ்விரு துண்டுகளையும் இணைப்பது பயணம். எனவே, ‘ஏன் சென்றார்?’ என்ற வினா ஆச்சாரியாவின் வாழ்வை முழுமையாகப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோலாகிறது.

சான்றுகள் பல தன்மையுடையவை. ஆச்சாரியா 1937-இல் ‘மராட்டா’ இதழில் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1991-இல் நூலாக்கம் பெற்றன. சென்னையின் மூத்த பொதுவுடைமையாளர் சி.எஸ். சுப்பிரமணியம் எழுதிய ஆச்சாரியா வரலாறு 1995-இல் வெளிவந்தது. கங்காதர் அதிகாரி தொகுத்த கட்சி ஆவணங்களின் முதல் தொகுதி (1971) தாஷ்கண்ட் கூட்டக் குறிப்புகளை வெளிக்கொணர்ந்தது. அண்மையில் ஓலே பிர்க் லார்சனின் ஆய்வுகள் ஆச்சாரியாவின் அரசின்மைக் கொள்கை எழுத்துகளைத் திரட்டித் தந்துள்ளன. இவற்றோடு ராய், சௌகத் உஸ்மானி ஆகியோரின் நினைவுக் குறிப்புகளும் பிரிட்டிஷ் உளவுத்துறை அறிக்கைகளும் உள்ளன.

தாஷ்கண்ட்: வணிக நகரம் எல்லை நகரமாதல்

மத்திய ஆசிய நகரங்களுக்கு இந்தியர் செல்வது புதிதன்று. முல்தான், சிகார்ப்பூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்த வணிகர்களும் வட்டித் தொழில் செய்வோரும் பல தலைமுறைகளாகப் புகாரா, சமர்க்கந்து முதலிய நகரங்களில் தங்கித் தொழில் செய்துவந்தனர். துணி, அவுரி, கடன் ஆகியவை அவர்களை அங்கு அழைத்துச் சென்றன. தமிழகத்திற்கு இவ்வழியில் நேரடிப் பங்கு இல்லை. தமிழ் வணிகரின் திசை கடல் வழியாகத் தென்கிழக்கு ஆசியாவை நோக்கியிருந்தது.

1865-இல் ரஷ்யப் பேரரசு தாஷ்கண்டைக் கைப்பற்றியது. இரண்டாண்டுகளில் அது துருக்கிஸ்தான் ஆட்சிப் பகுதியின் தலைமையிடமாயிற்று. 1906-இல் ஓரன்பர்க்–தாஷ்கண்ட் இருப்புப்பாதை முழுமை பெற்றபோது ரஷ்யாவின் மையப்பகுதியோடு அந்நகர் நேரடியாக இணைந்தது. வணிகர் ஒட்டகத்தில் வந்த நகரம், படைகள் புகைவண்டியில் வரும் நகரமாயிற்று. இந்தியாவின் வடமேற்கு எல்லையை நோக்கி ரஷ்யா நகர்கிறது என்னும் அச்சம் பிரிட்டிஷ் ஆட்சியாளரிடம் நிலைத்தது.

1917 புரட்சிக்குப் பின் இந்த அச்சம் வேறு வடிவம் கொண்டது. படையெடுப்பைக் காட்டிலும் கருத்துப் பரவலே இப்போது அச்சத்திற்குரியதாயிற்று. பிரிட்டிஷ் உளவு அதிகாரி எஃப்.எம். பெய்லி 1918-இல் தாஷ்கண்டுக்கு அனுப்பப்பட்டதும், பின்னர் அவர் அங்கு மாறுவேடத்தில் மறைந்து வாழ்ந்ததும் இச்சூழலைக் காட்டுகின்றன. பிரிட்டிஷ் அரசு எந்த நகரைக் கண்டு அஞ்சியதோ, அந்நகரே அதன் எதிரிகளுக்கு நம்பிக்கையளித்தது என்பது இயல்பே.

சென்னைக் கடற்கரையும் முதற் புறப்பாடும்

ஆச்சாரியா 1887-இல் சென்னையில் பிறந்தார். மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த மண்டயம் வைணவக் குடும்பம் அவருடையது. ‘இந்தியா’ இதழை நடத்திய மண்டயம் சகோதரர்கள் அவருக்கு உறவினர். திருவல்லிக்கேணியில் இக்குடும்பத்தாரைச் சுற்றி அமைந்த சுதேசி இயக்க வட்டத்தில் சுப்பிரமணிய பாரதி மையமாக விளங்கினார்.

அக்காலச் சென்னை அரசியலுக்குக் கடற்கரை ஓர் அரங்கமாக இருந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் சுதேசிக் கூட்டங்கள் தொடர்ந்து நடைபெற்றன. 1907 மே மாதத்தில் விபின் சந்திர பாலரின் சொற்பொழிவுகளுக்கு அங்கு மக்கள் திரண்டனர். அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் எனத் தொடர்ந்து தெற்கே பட்டினப்பாக்கத்தில் அடையாற்றின் முகத்துவாரம் வரை நீளும் இக்கரை மீனவர் குடியிருப்புகளின் நிலமாகும். அரசியல் கூட்டங்கள் நடந்த மணலும் கட்டுமரங்கள் கரையேறிய மணலும் ஒன்றே. இப்பின்புலம் சிங்காரவேலரைக் குறித்துப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

1908-இல் ‘இந்தியா’ இதழ் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. பதிவு பெற்ற வெளியீட்டாளரான எம். சீனிவாசன் தண்டிக்கப்பட்டார். பாரதி பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவரலாயிற்று. ஆச்சாரியாவும் புதுச்சேரி சென்று இதழ்ப் பணியில் உதவினார். ஆயினும் புதுச்சேரியின் பாதுகாப்பு உறுதியற்றதாகவே இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் கொழும்பு வழியாக மார்சேய் துறைமுகம் சென்று, பாரிஸ் வழியே இலண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21.

முதற் புறப்பாட்டின் காரணம் இங்குத் தெளிவாகவே உள்ளது. அச்சகம் ஒன்றைக் காப்பாற்ற முயன்ற இளைஞர், அது இயலாதபோது கைதிலிருந்து தப்பிச் சென்றார். மத்திய ஆசியாவோ மார்க்சியமோ அன்று அவருடைய எண்ணத்தில் இருந்ததற்குச் சான்றில்லை.

மூடப்பட்ட கதவுகள்

இலண்டனில் ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியில் வி.வே.சு. ஐயர், சாவர்க்கர் ஆகியோரோடு ஆச்சாரியா வாழ்ந்தார். 1909-இல் கர்சான் வைலி கொலையுண்ட பின்னர் அவ்விடுதியினர் கடும் கண்காணிப்புக்கு உள்ளாயினர். அவ்வாண்டிலேயே ஆச்சாரியா சுக்சாகர் தத்தரோடு மொராக்கோவுக்குப் புறப்பட்டார். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ரிஃப் மக்களோடு சேர்ந்து போர்ப் பயிற்சி பெறுவது நோக்கம். அம்முயற்சி பலிக்கவில்லை. பின்னர் பாரிஸ், பெர்லின், கான்ஸ்டாண்டிநோபிள், நியூயார்க் என அவருடைய வாழ்விடம் மாறிக்கொண்டே இருந்தது.

முதல் உலகப் போர் மூண்டபோது பெர்லினில் அமைந்த இந்தியக் குழுவில் அவர் இணைந்தார். ஜெர்மனியின் துணையோடு மேற்கு ஆசியப் போர்முனையில் பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய வீரர்களை எதிர்ப்புப் பக்கம் திருப்பும் முயற்சிகளில் பங்கேற்றார். 1917-இல் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவுடன் ஸ்டாக்ஹோம் சென்று, ஐரோப்பிய சமதர்மவாதிகளிடம் இந்திய விடுதலைக்கு ஆதரவு தேடினார்.

இப்பத்தாண்டுப் பயணங்களில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. ஒவ்வோர் இடத்திற்கும் அவர் மூன்றில் ஒன்றை நாடிச் சென்றார்: போர்ப் பயிற்சி, ஆயுதம் தரக்கூடிய அரசு, இந்திய எல்லைக்கு அருகாமை. ரிஃப் பகுதி முதலாவதைத் தரக்கூடியதாகத் தோன்றியது. ஜெர்மனி இரண்டாவதைத் தந்தது. துருக்கி மூன்றாவதை ஓரளவு தந்தது. மூன்றையும் ஒருசேரத் தரும் இடம் 1918 வரை எங்கும் இல்லை. அவ்வாண்டில் ஜெர்மனியும் துருக்கியும் தோற்றபின் அவர்களுடைய துணையும் இல்லாமற்போயிற்று.

மாஸ்கோ, காபூல், தாஷ்கண்ட்

1919 மே மாதத்தில் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்த இந்தியக் குழுவில் ராஜா மகேந்திர பிரதாப், மௌலானா பரக்கத்துல்லா, அப்துர் ரப் ஆகியோரோடு ஆச்சாரியாவும் இருந்தார். அதே மாதத்தில் மூன்றாம் ஆங்கில–ஆப்கானியப் போர் தொடங்கியது. போரின் முடிவில், 1919 ஆகஸ்டில் கையெழுத்தான ராவல்பிண்டி உடன்படிக்கைக்குப் பின் ஆப்கானிஸ்தான் தன் வெளியுறவைத் தானே நடத்தும் நாடாயிற்று. சோவியத் தூதுக்குழு காபூலுக்குச் சென்றபோது ஆச்சாரியாவும் அங்குச் சென்றார். அப்துர் ரப்புடன் சேர்ந்து ‘இந்தியப் புரட்சியாளர் சங்கம்’ என்னும் அமைப்பை அங்கு நிறுவினார். இச்சங்கத்துக்கு லெனின் அனுப்பிய வாழ்த்துச் செய்தி 1920 மே மாதத்தில் வெளியாயிற்று.

ஆச்சாரியா முதலில் தேர்ந்துகொண்டது காபூலையே என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கைபர் கணவாயைக் கடந்தால் இந்தியா. சென்னையை விட்டு நீங்கிய பின் அவர் தாயகத்துக்கு இத்தனை அண்மையில் வந்தது அதுவே முதன்முறை. ஆனால் பிரிட்டிஷ் அரசோடு நிலையான உடன்பாடு காண வேண்டிய நிலையில் இருந்த அமீர் அமானுல்லாவின் அரசுக்கு இந்தியப் புரட்சியாளர்கள் சுமையாயினர். சங்கத்தினர் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற நேர்ந்தது. 1920 ஜூலைத் தொடக்கத்தில் அவர்கள் தாஷ்கண்ட் சேர்ந்தனர்.

ஆகவே தாஷ்கண்ட் அவர் விரும்பித் தேர்ந்த முதலிடம் அன்று. காபூல் மூடப்பட்டபின் எஞ்சியிருந்த இடம் அது. எனினும் முன்னர்க் குறித்த மூன்று தேவைகளும் ஒன்றுகூடும் வாய்ப்பு அங்குதான் இருந்தது. சோவியத் அரசு ஆயுதமும் பயிற்சியும் தர முன்வந்தது. ஆப்கானிஸ்தான் வழியாக இந்திய எல்லையை அடையும் பாதையும் அங்கிருந்து தொடங்கியது. மேற்கு நோக்கி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த சென்னை இளைஞர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வடக்கிலிருந்து தாயகத்தின் வாயிலருகே வந்து நின்றார்.

ஒரே நகர், வெவ்வேறு காரணங்கள்

1920-இன் பிற்பகுதியில் தாஷ்கண்டில் கூடிய இந்தியர்களை ஒரே குழுவாகக் கருத இயலாது. அவர்களின் காரணங்களை மூன்று வகைப்படுத்தலாம்.

முதல் வகையினர் முஹாஜிர்கள். கிலாபத் இயக்கத்தின் ஒரு பகுதியாக 1920-இல் பல்லாயிரக்கணக்கான இஸ்லாமியர், பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வாழ்வது சமயத்துக்கு ஒவ்வாது எனக் கருதி ஆப்கானிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் ஆமு தரியா ஆற்றைக் கடந்து தெர்மெஸ் வந்தனர். துருக்கிக்குச் சென்று கலீபாவுக்காகப் போரிடுவதே அவர்களுள் பலரின் எண்ணம். வழியில் துருக்மேனியக் கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டுத் தப்பியோர், கெர்க்கி என்னும் ஊரைச் செஞ்சேனையோடு சேர்ந்து காத்து நின்றனர். பின்னர் அவர்களுள் ஒரு பிரிவினர் தாஷ்கண்ட் வந்தனர். இவர்களுக்குத் தாஷ்கண்ட் இடைவழி ஊரே ஒழிய இலக்கு அன்று.

இரண்டாம் வகை, ராயும் அவரைச் சேர்ந்தோரும். ராய் மெக்சிகோவில் பொதுவுடைமையாளராகி, மாஸ்கோவில் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டில் (1920 ஜூலை–ஆகஸ்ட்) லெனினோடு குடியேற்ற நாடுகள் பற்றிய கருத்துவாதம் செய்து, அகிலத்தின் பொறுப்பாளராகத் தாஷ்கண்ட் வந்தவர். கொள்கையே அவரை அங்குக் கொண்டுவந்தது. ஆயுதங்களோடு வந்து இந்தியப் படைப்பள்ளி ஒன்றை நிறுவியவரும் அவரே.

மூன்றாம் வகையில் ஆச்சாரியா, அப்துர் ரப் போன்றோர் அடங்குவர். இவர்கள் நாடு கடந்து வாழ்ந்த தேசியப் புரட்சியாளர்கள். கொள்கை வேறுபாடுகளைப் பின்னுக்குத் தள்ளி, பிரிட்டிஷ் எதிர்ப்பு ஒன்றையே பொதுமையாகக் கொண்டவர்கள். ஆச்சாரியாவும் இரண்டாம் மாநாட்டில் கலந்துகொண்டார். எனினும் அங்கு அவர் சென்றது காபூலில் தொடங்கிய சங்கத்தின் பேராளராகவே.

இவ்வகைப்பாட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. பயணத்தின் காரணம் பயணியாலேயே பிற்காலத்தில் மாற்றி எழுதப்படக்கூடியது. தாஷ்கண்டிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் திரும்பிய இளைஞர்கள் மீது பெஷாவரில் சதி வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘மாஸ்கோ–தாஷ்கண்ட் சதி வழக்கு’ என்றே வழங்கப்பெற்றது. அங்குச் சென்று பயின்றதே குற்றத்தின் அடிப்படை. நீதிமன்றத்தில் நிற்பவர் சமயக் காரணத்தை முன்னிறுத்துவது தற்காப்பாகும். பின்னாளில் கட்சிக்காரராக நினைவுக் குறிப்பு எழுதுபவர் கொள்கைக் காரணத்தை முன்னிறுத்துவதும் இயல்பாகும். எனவே கூற்றுகளைக் காட்டிலும், சென்ற வழியும் காலமும் நம்பத்தகுந்த சான்றுகளாகின்றன. ஆச்சாரியாவைப் பொறுத்தவரை அவ்வழி காபூலைக் கடந்து வந்தது என்பது முடிவான சான்று.

1920 அக்டோபர் 17

அக்டோபர் 17 கூட்டத்தில் ராய், ஈவ்லின் டிரென்ட் ராய், அபனி முகர்ஜி, ரோசா ஃபிட்டிங்கோஃப், முகமது அலி, முகமது ஷபீக், ஆச்சாரியா ஆகிய எழுவர் உறுப்பினராயினர். ஷபீக் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சியின் தலைவராக ஆச்சாரியா கையொப்பமிட்டார். டிசம்பர் 15 கூட்டத்தில் ராய், ஷபீக், ஆச்சாரியா ஆகிய மூவர் கொண்ட செயற்குழு அமைந்தது. கட்சியை அத்தனை விரைவில் தொடங்குவது காலத்துக்கு முந்தியது எனத் தாம் கருதியதாக ராய் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

எழுவருள் இருவர் இந்தியர் அல்லர். ஈவ்லின் அமெரிக்கர், ரோசா ரஷ்யர். எஞ்சியோருள் தென்னிந்தியர் ஆச்சாரியா ஒருவரே. தலைமைப் பொறுப்பு அவருக்கு ஏன் வந்தது என்பதற்குக் குறிப்புகள் விளக்கம் தருவதில்லை. சூழலிலிருந்து ஓர் ஊகத்திற்கு இடமுண்டு. தாஷ்கண்டில் அப்போது இந்தியர்க்கென ஏற்கெனவே இயங்கிவந்த அமைப்பு, அப்துர் ரப்பும் ஆச்சாரியாவும் நடத்திய புரட்சியாளர் சங்கமே. அச்சங்கத்தின் இரு தலைவர்களில் ஒருவரைத் தலைவராக ஏற்பது புதிய கட்சிக்கு வலுச் சேர்த்திருக்கும். அவ்வாறாயின், இணைப்புக்காக அமைந்த அப்பொறுப்பே அடுத்த சில மாதங்களில் பிளவின் களமாயிற்று எனலாம்.

பிளவின் மையம் முஹாஜிர்களை நடத்தும் முறை பற்றியது. சமய நம்பிக்கையால் நாடு துறந்து வந்த இளைஞர்களைக் கட்சிக்குள் கொண்டுவர ராய் முயன்றார். விடுதலைப் போராட்டத்திற்கு வந்தவர்மீது கொள்கையைச் சுமத்துவது தகாது என்பது அப்துர் ரப், ஆச்சாரியா ஆகியோரின் நிலைப்பாடு. இந்திய அமைப்பு அகிலத்தின் கட்டளைக்கு முழுவதும் உட்படுவதையும் ஆச்சாரியா ஏற்கவில்லை. 1921 தொடக்கத்தில் அவர் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, கட்சியிலிருந்தும் விலக்கப்பட்டார். தனிமனிதப் பூசலாக மட்டும் இதைக் காண இயலாது. வந்தவர்கள் எதற்காக வந்தார்கள், அக்காரணத்தை மதிக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்பதே விவாதப் பொருள். பயணக் காரணம் பற்றிய வினா அன்றே அரசியல் வினாவாக இருந்தது.

அதன்பின் அந்நகரின் பயனும் விரைவில் தீர்ந்தது. 1921 மார்ச் 16 அன்று கையெழுத்தான ஆங்கில–சோவியத் வணிக உடன்பாட்டில், இந்தியாவில் பிரிட்டனுக்கு எதிரான செயல்களைத் தவிர்ப்பதாகச் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. சில மாதங்களில் தாஷ்கண்ட் படைப்பள்ளி மூடப்பட்டது. மாணவர் பலர் மாஸ்கோவிலிருந்த கீழ்த்திசை உழைப்பாளர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆச்சாரியாவுக்கு மீண்டும் ஒரு வாயில் அடைபட்டது.

பயணம் செய்யாத ஒருவர்: சிங்காரவேலர்

ஆச்சாரியா தாஷ்கண்டில் இருந்த 1920-ஆம் ஆண்டின் இறுதியில் பாரதி சென்னை திரும்பி ‘சுதேசமித்திரன்’ பணியில் மீண்டும் சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைந்தார். ரஷ்யப் புரட்சியைத் தமிழில் பாடிய அவருக்கும் அப்புரட்சியின் மண்ணில் நின்ற அவருடைய இளைய தோழருக்கும் இடையே நேரடித் தொடர்பு மீளவில்லை.

சென்னையில் அக்கருத்துகளை அரசியல் அமைப்பாக்கியவர் ம. சிங்காரவேலர். 1860-இல் அயோத்திக்குப்பத்து மீனவர் குடியில் பிறந்து வழக்கறிஞரான அவர், சாந்தோம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் வாழ்ந்தார். ராய் பெர்லினிலிருந்து அனுப்பிய இதழ்களும் மடல்களும் அஞ்சல் வழி அவரை அடைந்தன. 1923 மே 1 அன்று அவர் சென்னையில் மே தினக் கூட்டங்களை நடத்தி, ‘இந்துஸ்தான் லேபர் கிசான் கட்சி’யைத் தொடங்கினார். கூட்டங்களுள் ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையில் நடந்தது. மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். 1924-இல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டும், உடல்நலக் குறைவால் விசாரணைக்கு உட்படுத்தப்படவில்லை. 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அந்தணர் குடியில் பிறந்த இளைஞர் கடல் கடந்து, பாலை கடந்து தேடிய ஒன்றை, மீனவர் குடியில் பிறந்த முதியவர் தம் வீட்டிலிருந்தே வந்தடைந்தார். இவ்வேறுபாட்டை வாய்ப்பின் விளைவாகவும் வயதின் விளைவாகவும் கொள்ளலாம். ஆயினும் அதில் வேறொரு கூறும் உண்டு. ஆச்சாரியா தேடியது அரசை எதிர்க்கும் ஆற்றலை. அது வெளிநாடுகளில் கிடைக்கும் என அவர் நம்பினார். சிங்காரவேலர் தேடியது உழைப்போரின் அமைப்பை. அது அவர் வாழ்ந்த குப்பங்களிலும், பெரம்பூரின் ஆலைகளிலும் கண்முன் இருந்தது.

தொடக்க ஆண்டு விவாதம்

இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் தொடக்கம் 1920-ஆ, 1925-ஆ என்பது நெடுநாள் விவாதம். 1959-இல் அன்றைய ஒன்றுபட்ட கட்சியின் மையத் தலைமை 1925-ஐத் தொடக்கமாகக் கொண்டது. 1964 பிளவுக்குப் பின் மார்க்சிஸ்ட் கட்சி 1920-ஐ ஏற்றது. 2020 அக்டோபரில் நூற்றாண்டும் கொண்டாடியது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 2025 டிசம்பரை நூற்றாண்டு நிறைவாகக் கொள்கிறது.

இவ்விவாதம் பெரும்பாலும் மண்ணா, அகிலமா என்னும் முரணாக முன்வைக்கப்படுகிறது. தமிழக வரலாற்று நோக்கில் பார்க்கும்போது வேறொரு செய்தி வெளிப்படுகிறது. இரு தொடக்கங்களிலும் தலைமை இடத்தில் இருந்தவர் சென்னைக்காரர். ஒருவர் திருவல்லிக்கேணியின் சுதேசி வட்டத்திலிருந்து வந்தவர்; மற்றவர் அதையொட்டிய மீனவர் குடியிருப்பிலிருந்து வந்தவர். இருவரையும் பின்னாளைய கட்சி அமைப்பு தன் மையத்தில் வைத்திருக்கவில்லை. சிங்காரவேலர் தமிழகத்தில் போற்றப்படுகிறார்; ஆச்சாரியா அவ்வாறு போற்றப்படவில்லை. வென்ற தரப்பின் வரலாற்றில் தாஷ்கண்டுக்குப் பொருள் ஒன்றே: கட்சியின் பிறப்பிடம். அப்பொருளுக்குள் அடங்காத காரணங்களோடு அங்கு வந்தவர் அவ்வரலாற்றிலிருந்து விலகிப்போவது இயல்பாகிவிடுகிறது.

முடிவுரை

தாஷ்கண்டிலிருந்து விலகிய ஆச்சாரியா மாஸ்கோவில் ஓவியர் மக்தா நாக்மனை மணந்தார். 1922-இன் இறுதியில் இருவரும் பெர்லின் சென்றனர். அங்கு அவர் அரசின்மைக் கொள்கையாளராகி, அக்கொள்கைசார் பன்னாட்டு இதழ்களில் எழுதினார். தாயகம் திரும்பப் பிரிட்டிஷ் அரசிடம் கடவுச்சீட்டுக் கோரி நீண்ட காலம் காத்திருந்தார். 1935-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு அப்போது ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்தா 1951-இல் காலமானார். ஆச்சாரியா 1954 மார்ச் 20 அன்று வறுமையில் பம்பாயிலேயே மறைந்தார்.

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆச்சாரியாவின் தாஷ்கண்ட் பயணம் 1908-இல் தொடங்கிய நாடுகடந்த வாழ்வின் தொடர்ச்சி. அதன் உடனடிக் காரணம் காபூலிலிருந்து வெளியேற்றப்பட்டதே. இரண்டாவது, அந்நகரை அவர் நாடியதில் கொள்கைக்கு இடமுண்டு எனினும், ஆயுதம், பயிற்சி, தாயகத்தின் அண்மை ஆகியவையே முதன்மை பெற்றன. மூன்றாவது, 1921 பிளவை வந்தவர்களின் காரணங்கள் பற்றிய கருத்து வேறுபாடாக வாசிப்பது, தனிமனிதப் பகையாக வாசிப்பதைக் காட்டிலும் சான்றுகளோடு பொருந்துகிறது.

ஆச்சாரியா விட்டுச்சென்ற எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் உள்ளன. அவை தமிழில் பெயர்க்கப்படுவதும், ‘இந்தியா’ இதழ்க் கால ஆய்வுகளோடு இணைத்து வாசிக்கப்படுவதும் உடனடித் தேவைகளாகும். பாரதியின் தோழராகத் தொடங்கிய ஒருவர் தாஷ்கண்டில் கட்சித் தலைவராகவும் பெர்லினில் கட்சிகளை மறுத்தவராகவும் ஆன வளர்ச்சியைத் தமிழ் அரசியல் சிந்தனை வரலாற்றின் பகுதியாகக் கொள்ளும்போதே, சுதேசி இயக்கத்திலிருந்து பொதுவுடைமைக்குச் சென்ற பாதையின் முழு நீளமும் தெரியவரும்.